கதவில்லாத சாம்பிராணிக் கிடங்கு

மெக்ஸிகோ காடுகளுக்குள் கிடக்கும் மாயன் நகரங்களில் ஒன்றையாவது பார்த்துவிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. திருச்சியில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரு படப் பத்திரிகையை, ஓமானில் நான் வேலைக்கு வந்த சலாலா வரைக்கும் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தேன். எந்த மன்னன் எந்த ஆண்டில் எந்தக் கோயிலைக் கட்டினான் என்பது மனப்பாடம். ஆனால் எனக்குக் கிடைத்த விடுமுறை வெள்ளிக்கிழமை ஒன்றுதான். அதற்குள் போய்த் திரும்பக்கூடிய இடிந்த நகரம், கிழக்கே கடலோரத்தில் இருந்த சும்ஹுரம். 1977 பிப்ரவரியில் அங்கே போனோம்.

நானும் மனைவியும், கூடவே காக்கா. காக்கா காயல்பட்டினத்துக்காரர், சலாலா கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருந்தார். அவர்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். என் மனைவி வந்த புதிதில் நான் அவரை அப்படிக் கூப்பிட்டதைக் கேட்டுவிட்டு, அவர் போனதும், "ஒரு மனுஷரைப் போய் முகத்துக்கு நேரா காக்காங்கறீங்களே" என்று என்னைக் கடிந்துகொண்டாள்.

அவள் வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. மார்ச்சில் ஊருக்குப் போய்விடுவதாகச் சொல்லியிருந்தாள். சும்மா பார்த்துவிட்டு வருவதற்கு அல்ல, ஒரேயடியாக. காரணம் கேட்டால், "ஒண்ணுமில்ல, அம்மாவைப் பார்க்கணும்" என்பாள். எப்படியாவது அவளை இருக்கவைக்க வேண்டும். இரண்டாயிரம் வருஷத்துப் பழைய ஊர் ஒன்றைக் காட்டினால் மனசு மாறிவிடும் என்று நான் மனதார நம்பினேன்.

காக்காவின் பிக்கப்பில் முன்சீட்டில் மூவரும் நெருக்கிக்கொண்டு போனோம். மலைப்பக்கம் நடந்த சண்டை ஓய்ந்து அதிக நாள் ஆகவில்லை. "வண்டித் தடத்தை விட்டு எறங்காதீங்க தம்பி, வெடி கெடக்கும்" என்றார் காக்கா.

உப்பங்கழிக்கு மேலே ஒரு மேடு. அதன்மேல் இடுப்புயரச் சுவர்கள், வாசல் கல்லில் பழைய தென்னரேபிய எழுத்து. கீழே ஒட்டகங்கள் தண்ணீரில் நின்றிருந்தன. நான் ஆரம்பித்தேன். எந்த அரசு இதைக் கட்டியது, இங்கிருந்து கப்பல்கள் எங்கெங்கே போயின, ரோமாபுரிக் கோயில்களில் எரிந்தது இந்த மலைச் சாம்பிராணிதான், மாயன்கள்கூடத் தங்கள் காட்டு மரப்பிசினை இப்படித்தான் சாமிக்குப் புகைத்தார்கள் என்று வரிசையாக. காக்கா சுவர் நிழலில் உட்கார்ந்து எலுமிச்சைச் சாதப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டார்.

மனைவி புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு சிறிய அறைக்குள் இறங்கியிருந்தாள். சுற்றிப் பார்த்தாள். கையால் இடம் காட்டி, "இங்க அடுப்பு. இங்க தண்ணிப் பானை. நம்ம சமையல்கட்டைவிடப் பெரிசுதான்" என்றாள்.

"அது வீடு இல்லம்மா, கிடங்கு. சாம்பிராணியைப் பத்திரமா வைக்கிற இடம்."

"அதான் சொல்றேன். நம்ம வீடு மாதிரியே இருக்கு."

காக்காவுக்குப் புரை ஏறியது. எங்கள் வீட்டுச் சாம்பிராணி நான்தான் என்று எனக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. விளங்கிய பிறகும் சும்மா இருக்கவில்லை. "சரியாச் சொன்னா, ஊர்ல கடையில விக்கிற சாம்பிராணி கிழக்கே சுமத்ராப் பக்கத்துச் சரக்கு. இங்க விளையறது குந்திரிக்கம்."

"பாருங்க தம்பி," என்றார் காக்கா, "தங்கச்சி சொன்னதுக்கு நீங்களே சாட்சி சொல்றீங்க."

அவள் சிரித்தாள். சலாலாவில் அவள் சிரித்து நான் கேட்டதே அபூர்வம். பிறகு சுவரைச் சுற்றித் தடவிப் பார்த்துவிட்டு, "இதுக்கு வாசலே காணோமே?" என்றாள்.

"கிடையாது. மேலேயிருந்து ஏணி வைச்சு இறங்குவாங்க. உள்ள இருக்கறது வெளிய போயிடக் கூடாதுன்னு அப்படிக் கட்டியிருக்காங்க."

சிரிப்பு நின்றுவிட்டது. "விலையுள்ள பண்டம்னா அப்படித்தான் வைப்பாங்க போல" என்றாள். "நீங்க காலைல பூட்டிட்டு டூட்டிக்குப் போறீங்க. வரும்போது அரிசி, காய், தேங்காய் எல்லாம் நீங்களே வாங்கிட்டு வர்றீங்க. எனக்கு எந்தக் குறையும் இல்ல. ஏணிதான் இல்ல."

புது ஊர், பாஷை தெரியாது, அலைய வேண்டாம் என்றுதான் அப்படிச் செய்தேன். அவளுக்கு உபகாரம் செய்வதாகவே நினைத்திருந்தேன். காக்காதான் சோற்றுக்கையை உதறிக்கொண்டு சொன்னார்: "தம்பி வாங்குற வெண்டைக்காய பாத்து நானே சிரிச்சிரிக்கேன் தங்கச்சி. எல்லாம் முத்தல். கட நடக்குற தூரந்தான் இரிக்கி, நீங்களே வாங்க."

அவள் என்னைப் பார்த்தாள். நான் கையைக் கீழே நீட்டினேன். அதைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறி வந்தாள்.

மறுநாள் மத்தியானம் சாப்பிட வந்தபோது கதவு பூட்டியிருந்தது. காலையில் வீட்டில் இருந்த ஒரே சாவியை அவளிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தேன். வெயிலில் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கும், தெருக்கோடியில் கைப்பையோடு வந்தாள். பையில் பிஞ்சு வெண்டைக்காய், கொத்தமல்லி, காகிதத்தில் பொதிந்த ஒரு கைப்பிடிக் குந்திரிக்கம். பக்கத்துத் தெருவில் ஒரு பாகிஸ்தான்காரப் பெண்மணி தையல் மெஷின் வைத்திருக்கிறாளாம், பேச்சு நீண்டுவிட்டதாம்.

"இன்னொரு சாவி பண்ணணும்னு தோணலையா உங்களுக்கு?" என்றாள், பூட்டைத் திறந்துகொண்டே.

"நீ மார்ச்சுல போறேன்னியே. எதுக்கு ரெண்டு சாவின்னு இருந்துட்டேன்."

அவள் திரும்பி ஒரே வார்த்தை சொன்னாள். குந்திரிக்கம் என்று நான் திருத்தவில்லை. சாயங்காலமே போய் இரண்டாவது சாவி செய்யக் கொடுத்தேன்.