லீவு நாளில் கட்டிய அறை

மேசன் தொழிலில் சுவர் எழுப்புவது பெரிய வேலையில்லை. எழுப்பிய சுவருக்கு முன்னால் பிரதேச சபை உத்தியோகத்தர் வந்து நிற்கும்போது பதில் சொல்வதுதான் வேலை. அனுமதி எடுக்காமல் வீட்டுக்குப் பின்னால் ஓர் அறையை இழுத்துவிட்டு, வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே யாரென்று எட்டிப் பார்க்கும் அன்பர்களே, நானும் உங்கள் ஆள்தான். கற்பிட்டிப் பக்கம் அப்படி இழுத்த அறைகளில் பாதி என் கைவேலை.

மூன்று நாள் லீவு

மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்களில் பலர் யுத்தம் முடிந்த பிறகும் திரும்பிப் போகவில்லை. இங்கே பிள்ளைகள் கலியாண வயதுக்கு வந்துவிட்டார்கள். எங்கள் முஸ்லிம் ஆட்களிடம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். அவருக்கு ஓர் அறை வேண்டும். அப்படி மன்னாரிலிருந்து வந்த, எனக்கு அக்கா முறையான நஸீமா ராத்தாவுக்கும் அதே தேவை. கணவர் மௌத்தாகிவிட்டார், துணைக்கு மிஞ்சியது ஒரே மகள் பர்ஸானா. காணிக்கு உறுதிப் பத்திரம் கிடையாது. உறுதி இல்லாமல் சபையில் வரைபடத்தைக் கையால்கூடத் தொடமாட்டார்கள்.

சபைக் கந்தோர் மூன்று நாள் சேர்ந்து பூட்டியிருக்கும் ஒரு பௌர்ணமிப் போயா லீவுக்காகக் காத்திருந்தோம். தலவிலயிலிருந்து வரும் என் கூட்டாளி சிறிலும் நானும் அந்த மூன்று நாளில் சுவர் எழுப்பிக் கூரைக்குத் தகரமும் போட்டுவிட்டோம். "சபையில இருந்து வந்தா என்ன சொல்லுவீங்க?" என்று ராத்தாவிடம் கேட்டேன்.

"அறை இல்லாட்டி மாப்பிள்ள என்ட புள்ளயக் கூட்டிக்கொண்டு போயிடுவார், நான் தனிச்சிப் போயிடுவன். அதத்தான் சொல்லுவன்" என்றார்.

ஈரப் பூச்சு

எனக்கு ஒரு பழக்கம். பூச்சு முடிந்ததும் கதவுக்கு மேலே ஈரச் சீமெந்தில் ஆணியால் வருடத்தை எழுதிவிடுவேன். அன்றும் கை தானாகப் போய் எழுதிவிட்டது. பர்ஸானா ஆசைப்பட்டாள் என்று அவள் பெயரையும் பக்கத்தில் எழுதினேன். அழகாகத்தான் வந்தது.

சிறில் அண்ணாந்து பார்த்துத் தலையில் கை வைத்தான். "மச்சான், களவாக் கட்டுறவன் திகதியும் போடுவானா?" என்றான். நான் கரண்டியை எடுத்து அழிக்கப் போனேன். ராத்தா என் கையைப் பிடித்தார்.

"விடுங்க தம்பி. இந்த ஊர்ல எங்கட பேர் எழுதின ஒரு இடம் இது ஒண்டுதான்."

பெட்டிசம்

கலியாணம் முடிந்து நாலு மாதத்தில் யாரோ சபைக்கு எழுதிப் பெட்டிசம் போட்டுவிட்டார்கள். உத்தியோகத்தர் வந்தபோது நானும் அங்கே நின்றேன். நெடுநாளாக இருக்கும் கட்டிடம் என்றால் கண்டும் காணாததுபோல் போகக்கூடியவர் அவர். அதனால் ராத்தா வாய் திறக்க முன்பே நான் முந்திக்கொண்டேன். "இது பத்துப் பன்னிரண்டு வருசப் பழைய அறை சேர்" என்று அல்லாஹ்வுக்குப் பயமில்லாமல் சொன்னேன்.

அவர் பேனையால் கதவுக்கு மேலே நான் எழுதிய வருடத்தைக் காட்டினார். பர்ஸானா உள்ளே போய்விட்டாள். அவர் கெட்ட மனிதர் அல்ல. படம் எடுக்கும்போது அவர் முகமும் வாடித்தான் இருந்தது.

"பேசாமப் போயிடலாம் எண்டுதான் வந்தன் மேசன் பாஸ். நீங்கதான் என்னப் போகவிடல்ல" என்றார்.

அலவாங்கு

உடைக்கச் சொல்லிக் கட்டளை வந்தது. தவறினால் சபையே உடைக்கும். மெஷின் வந்தால் பழைய வீட்டுச் சுவரும் வெடித்துவிடும் என்று பயந்து, கட்டிய என்னையே ராத்தா கூப்பிட்டார். சிறில் வரமாட்டேன் என்றுவிட்டான்.

அன்று காலையில்தான் அலுமாரியையும் கட்டிலையும் லொறியில் ஏற்றிக்கொண்டு, மாப்பிள்ளையும் பர்ஸானாவும் பள்ளிவாசல்துறையில் மாப்பிள்ளையின் தாய் வீட்டுக்குப் போனார்கள். உம்மாவை விட்டுப் போகமாட்டேன் என்று அவள் அழுத சத்தம் அடுத்த வளவு வரை கேட்டது. நான் தகரத்தைக் கழற்றினேன். அலவாங்கைச் சுவர் இடுக்கில் குத்தி நெம்பினேன். நாலு கல் விழுந்ததும் என்னால் முடியவில்லை. அப்படியே குந்தி அழுதேன். ஒரு பழக்கத்துக்காக ஒரு தாயைத் தனியாக்கிவிட்டேன் என்ற நினைப்பு இன்றும் என்னை விடவில்லை.

ராத்தா பிளேன்டீ கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். அவர் கண்ணில் ஈரமே இல்லை.

"குடிங்க தம்பி. மன்னார்ல எங்கட வீட்ட ஆர் உடைச்சதெண்டு இண்டைக்கும் தெரியா. இத உடைக்கிறது தெரிஞ்ச கைதானே."

இத்தனை வருட மேசன் தொழிலில், சபையின் முழுச் சம்மதத்தோடு நான் செய்து முடித்த ஒரே வேலை அதுதான்.