உங்கள் வீடு இது என்று சொன்னவள்

ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் சோச்சிமில்கோ ஊரில் யார் வாசலில் வந்து நின்றாலும் முதலில் சொல்வது இதைத்தான்: "களைச்சுப் போய் வந்திருக்கீங்க. வந்து சேந்தீங்களே, அது போதும். இது உங்க வீடு, உங்க பாய். உங்களுக்காகத்தான் நாங்க பாத்துக்கிட்டு இருந்தோம்." நெருப்புக் கேட்க வந்த பக்கத்து வீட்டுக்காரனுக்கும் இதே பேச்சுதான். அவனும் "ஐயோ, நான் எம்மாத்திரம்" என்று மறுத்துவிட்டுத்தான் உட்காருவான். உட்கார்ந்தவன் வீட்டை எடுத்துக்கொண்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. அந்த அளவுக்குப் புத்தி கெட்டவன் எங்களுக்குள் பிறக்கவில்லை.

ஷோகோவுக்கு இந்தப் பேச்சு மற்ற எல்லோரையும்விட அழகாக வரும். ஷோகோ என்றால் கடைக்குட்டி. பெண்பிள்ளைக்குப் பெயர் தேடி எங்களில் யாரும் மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. மூத்தவள், நடுவிலாள், கடைக்குட்டி, அவ்வளவுதான். ஞானஸ்நானத்தில் சாமியார் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அவளுக்கே நினைவிருக்காது.

மூக்கில் ரத்தம் கொட்டி ஊரே செத்த அந்தப் பெரிய நோயில் அவள் புருஷனும் மகனும் போய்விட்டார்கள். அவளும் மருமகள் நேகாவலும் மிஞ்சினார்கள். ஏரிச் சேற்றை அள்ளிப் போட்டு முன்னோர் எழுப்பிய வயல் நாலு துண்டு, ஓரத்தில் ஒரு குடிசை, இவ்வளவுதான் அவர்களுக்கு இருந்தது. ஆண்கள் அள்ளிய சேற்றை இந்த இரண்டு பேரும் அள்ளினார்கள். அள்ளாவிட்டால் வயல் கரைந்து தண்ணீரோடு போய்விடும். ஷோகோ காலையில் எழும்போதே களைத்துப்போய்த்தான் எழுவாள். அடுத்த வாய்க்காலில் தோணி ஓட்டுகிறவன் நான். தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

கடல் தாண்டி வந்த கஸ்தீல்காரர்கள் கொண்டுவந்தவற்றில் எனக்கு மனதார வெறுப்பு பன்றியின்மேல்தான். அவர்களில் பயேசா என்ற ஒருவன் கரையில் பன்றி வளர்த்தான். அதில் ஒன்று வாய்க்காலை நீந்தி ஷோகோவின் வயலில் ஏறி, மக்காச்சோள நாற்றையெல்லாம் கிளறிப் போட்டுவிட்டது. அதைத் தேடி அவனும் அவனுடைய துபாஷி பெனித்தோவும் என் தோணியில்தான் வந்தார்கள். பெனித்தோ மலைக்கு அந்தப் பக்கத்துக்காரன். எங்கள் பேச்சு பாதிதான் தெரியும், கஸ்தீல் பேச்சு அதிலும் பாதி.

இறங்கும்போது பயேசா முழங்கால்வரை சேற்றில் போனான். நேகாவல் கையில் கம்போடு நின்றாள்.

"அத்தை, இவன் பன்னி தின்னுட்டுப் போனத எவன் நட்டுத் தருவான்னு கேளுங்க."

"வாசலுக்கு வந்தவங்ககிட்ட அதையா முதல்ல கேப்பாங்க? கம்பக் கீழ போடு."

பிறகு ஷோகோ தலை குனிந்து, குரலை இழுத்து, முழுப் பேச்சையும் சொன்னாள். ஒரு வார்த்தை விடவில்லை. பாய் விரித்தாள். தங்கள் இரண்டு பேருக்கும் இருந்த கஞ்சியை அவனுக்குக் கொடுத்தாள். பெனித்தோ அவன் காதில் ஏதோ சொன்னான். பயேசாவின் முகம் மலர்ந்தது. குடிசையைப் பார்த்தான், வயலைப் பார்த்தான், தோணி வந்து நிற்கத் தோதான துறையைப் பார்த்தான். பன்றியை அங்கேயே விட்டுவிட்டுப் போனான்.

மறுநாள் மீதிப் பன்றிகள் வந்தன. வயலின் நாலு மூலையிலும் அவன் ஆட்கள் முளை அடித்தார்கள். இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான் என்பார்கள். இவன் இடம் கொடுக்கும் முன்பே பிடுங்கினான்.

"இது உங்க வீடுன்னும், அவருக்காகத்தான் காவல் இருந்தேன்னும் நீதானம்மா சொன்னே? அவரு வந்துட்டாரு. இனி நீங்க கிளம்பலாம்" என்றான் பெனித்தோ.

"அது மரியாதைக்குச் சொல்றதுப்பா" என்றாள் ஷோகோ.

"சொன்னியா இல்லியா?"

சொன்னாள்தான். அதை எப்படி மறுப்பாள்?

இரண்டு பெண்களும் என் வீட்டுக்கு வந்து படுத்தார்கள். தலைநகரத்தில் இருந்த எங்கள் பெரிய அரசரும் இப்படித்தான் வாசலில் நின்று கஸ்தீல்காரர்களிடம் மரியாதைப் பேச்சுப் பேசி நாட்டையே விட்டார் என்று சிலர் சொல்வார்கள். நான் அங்கே இல்லை. ராஜாக்கள் கதை எனக்கு வேண்டாம், இந்த நாலு துண்டு வயல் போனால் இவர்கள் என்ன தின்பார்கள் என்பதே எனக்குக் கவலையாக இருந்தது.

நோன்புக் காலத்தில் ஒரு கஸ்தீல் நீதிபதி வழக்குக் கேட்க வந்தார். கோயில் முற்றத்தில் நாற்காலி போட்டார்கள். கால் வீங்கிய கிழவர். குதிரையிலிருந்து இரண்டு பேர் பிடித்து இறக்கினார்கள். எங்களோடு நெடுநாள் இருந்த சாமியார் ஒருவர் துபாஷியாக நின்றார்.

போகும் வழியில் நேகாவல் சொல்லிக்கொண்டே வந்தாள். "நீங்க வாயத் தொறக்காதீங்க அத்தை. தொறந்தா அந்த ஆளுக்கும் ஒரு வீடு குடுத்துருவீங்க."

ஷோகோ வாயைத் திறக்கவில்லை. கெடுத்தது நாங்கள்தான். சாட்சி சொல்ல முதலில் நான் போனேன். கிழவர் முகம் பார்க்கவே பாவமாக இருந்தது. என்னையறியாமல் வந்துவிட்டது: "களைச்சுப் போய் வந்திருக்கீங்க, இது உங்க ஊரு, உங்க பாய்..." சாமியார் ஒரு வார்த்தை விடாமல் மாற்றிச் சொன்னார். அடுத்துப் போன பாய் முடைகிறவனும் அதையே சொன்னான். அவனுக்கடுத்து உப்பு விற்கிறவள், தன் வீடும் கூடவே தன் அக்கா வீடும் அவருடையதுதான் என்று முடித்தாள். நேகாவல் தலையில் அடித்துக்கொண்டாள்.

நீதிபதி கையை உயர்த்தினார். சாமியார் சிரிப்பை அடக்கிக்கொண்டு எங்களிடம் சொன்னார்: "இந்த ஊர்ல இப்ப தனக்கு எத்தனை வீடு இருக்குன்னு ஐயா கேக்குறாரு."

அவருக்குப் புரிந்துவிட்டது. அந்த ஒரு கஸ்தீல்காரனுக்காவது புரிந்தது. பயேசா கத்தினான், முளை அடித்த கூலியைப் பற்றி ஏதோ சொன்னான். நீதிபதி காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஷோகோவை முன்னால் கூப்பிட்டார்.

"நிலம் உங்களதுதான்னு ஐயா சொல்றாரு" என்றார் சாமியார். "ஆனா இனிமே வம்பு வராம இருக்க, பயேசா முகத்தப் பாத்து உங்க வாயால சொல்லணும். மரியாதை வேணாம். இது என் வீடு, நீ வெளிய போன்னு, அவ்வளவுதான்."

முற்றம் முழுவதும் காத்திருந்தது. நேகாவல் கெஞ்சினாள். "அத்தை, ரெண்டே வார்த்தை."

"வீட்டுக்கு வந்தவர அத்தை..." என்று மருமகளையே அத்தை என்று சொல்லிக் குழறினாள் ஷோகோ. பிறகு தலையைக் குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். "இது என் வீடு. நீ வெளிய போ."

பயேசாவுக்கு எங்கள் பேச்சு தெரியாது. வழக்கமான வணக்கம் என்று நினைத்துத் தலையாட்டினான்.

திரும்பும்போது தோணியில் நேகாவல் சிரித்தாள். புருஷன் செத்தபின் அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். "வெளிய போ, வெளிய போ" என்று தண்ணீரிடம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"எங்க ஆத்தா இதக் கேட்டிருந்தா, மிளகா சுட்டு அந்தப் புகையில என் மூஞ்சியப் பிடிச்சிருப்பா" என்றாள் ஷோகோ.

"உங்க ஆத்தாவுக்கு வயலு போகல."

"போகலதான்." பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னாள்: "மிமிச் அண்ணே, எனக்கு வயலும் வேணும், அந்தப் பேச்சும் வேணும். நான் என்ன பெருசா கேட்டுட்டேன்?"

துடுப்புப் போட்டேன்.

இரண்டு நாள் கழித்துப் பயேசா பன்றிகளை ஓட்டிப்போக வந்தான். பெனித்தோ வரவில்லை. ஆள் தனியாக வந்து, மறுபடியும் முழங்கால்வரை சேற்றில் போய், மூச்சு வாங்க வாசலில் நின்றான். நல்ல வெயில். ஷோகோ வெளியே வந்தாள். அவள் உதடு பிரிந்தது, முதல் வார்த்தை தொண்டைக்கு வந்துவிட்டது. நேகாவல் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

ஷோகோ வாயை மூடிக்கொண்டாள். அவன் சற்று நேரம் நின்று பார்த்தான், பிறகு பன்றிகளை ஓட்டிக்கொண்டு போனான். எங்கள் ஊரில் ஒருவன் வாசலுக்குக் களைத்து வந்து, ஒரு சொல்லும் கேட்காமல் திரும்பியதை நான் அன்றுதான் பார்த்தேன். ஷோகோ உள்ளே போய் விரிக்காத பாயின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதாள்.