வெள்ளித்தாள் சத்தம்

மொஹ்சின் பாயைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லலாம் என்றுதான் ஆரம்பிக்கிறேன். மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் எதைக் கொடுத்தாலும் சொன்ன நாளில் ஓட வைத்துத் தருபவர். திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் கடை. வயது நாற்பத்தெட்டு. யாரையும் ஏமாற்றியதில்லை. இப்படியே சொல்லிக்கொண்டு போகலாம்தான். ஆனால் ஒரு காலையில் அவரும் நானும் சேர்ந்து ஒரு பெண்ணைத் தலைகுனிய வைத்தோம். அதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் சொன்னால் எனக்கே என்னைப் பிடிக்காது.

நான் ஆதிமூலம். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதை ஓரம் டீக்கடை வைத்திருக்கிறேன். கடைக்கு எதிரே ஒரு வேப்பமரம். பௌர்ணமிக்கு மலை சுற்றுகிறவர்கள் அன்னதானப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு அந்த மரத்தடியில்தான் உட்காருவார்கள்.

பாயிடம் மெட்டல் டிடெக்டர், மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்துக்குக் கத்துகிற மெசின், வந்தது ஒரு வெள்ளைக்காரரால். ரமணா நகரில் வாடகைக்கு இருந்தவர். அவர் ஊர்க் கடற்கரையில் காசு தேடுகிற பழக்கமாம். ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு அவசரமாக ஊருக்குப் போனவர், நீயே வைத்துக்கொள் என்று போனில் சொல்லிவிட்டார். நீளக் கம்பி, அடியில் தட்டு, மேலே இரண்டு குமிழ். பாய்க்குக் கை சும்மா இருக்குமா? பௌர்ணமிக்கு மறுநாள் காலை தன் டிவிஎஸ்ஸை என் கடையில் நிறுத்திவிட்டு மரத்தடியில் இறங்கிவிட்டார்.

முதல் மாதம் முழுக்கக் குப்பைதான். சோடா மூடி, ஆணி, பாக்கெட் கிழிசல், எல்லாவற்றுக்கும் மேலாக வெள்ளித்தாள். புளிசாதப் பொட்டலத்தின் உள்பக்கம் பளபளவென்று ஒட்டியிருக்குமே, அதுதான். மண்ணுக்குள் கையளவு ஆழம் வரைக்கும் வருஷக்கணக்கில் மிதிபட்டுக் கிடக்கிறது. தட்டை எங்கே கொண்டுபோனாலும் மெசின் கத்தியது.

"என்னா பாய், ஆணி அறுவடை ஆச்சா?" என்று தினமும் கேட்பேன்.

"எரைச்சல் ஜாஸ்தி அண்ணா. காசு சத்தம் அதுல அமுங்கிப் போவுது" என்பார்.

ஆனால் விடவில்லை. தட்டைத் தரையோடு தரையாக, மெதுவாக வீசப் பழகினார். சத்தங்களைப் பிரித்துக் கேட்கப் பழகினார். ஆணி கரகரக்கும். ஐந்து ரூபாயும் பத்து ரூபாயும் சுத்தமாக, நீட்டி ஒலிக்கும். வெள்ளித்தாள் மட்டும் தாழ்வாக, வெட்டின மாதிரி ஒரு சத்தம் போடும். மூன்றாவது மாதம் ஒரு குமிழின் சூட்சுமத்தைக் கண்டுபிடித்தார். அதை ஒரு குறிவரை திருகினால் ஆணிக்கும் வெள்ளித்தாளுக்கும் மெசின் வாயைத் திறக்காது, காசுக்கு மட்டும் கத்தும். அன்றைக்கு அரைமணி நேரத்தில் பதினோரு காசு எடுத்து என் கல்லா மேல் பரப்பினார். என் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் நான் அதைச் சொல்லிப் பெருமையடித்துக்கொண்டேன். பாய்க்கும் நடையே மாறியது.

அந்தப் பெருமையோடு இருந்தபோதுதான் தாட்சாயிணி வந்தாள்.

ஆவணிப் பௌர்ணமிக்கு மறுநாள் காலை. முதல் நாள் சாயங்காலம் பெய்த மழையில் மரத்தடி சேறாகிக் காய்ந்திருந்தது. கீழ்பென்னாத்தூர்க் குடும்பம், அவள், புருஷன் உமேஷ், மாமியார் மங்களாம்பிகை. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட இருக்காது. கழுத்தில் அறுந்த மஞ்சள் கயிற்றை முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள்.

"நேத்து சாயங்காலம் இங்கதாங்க ஒக்காந்து சாப்ட்டோம். எழுந்து கொஞ்ச தூரம் போயி கழுத்தத் தொட்டா கயிறு தொங்குது. பொட்டுத் தாலியும் ரெண்டு குண்டும் காணோம். திரும்பி வந்து தேடறதுக்குள்ள மழ புடிச்சிருச்சு" என்றாள்.

மாமியார் என்னைப் பார்த்துச் சொன்னார். "அவ அண்ணன் கடை வெக்கப் பணம் இல்லாம அலையறான். போன வாரம் வந்துட்டுப் போனான். இந்த வாரம் தாலியக் காணோம்."

நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல், "கவலப்படாதம்மா. நம்ம பாய் இருக்காரு. இருந்தா எடுத்துருவாரு" என்று கூப்பிட்டுவிட்டேன்.

பாய் வந்தார். குமிழைக் குறியில் வைத்தார். அவள் காட்டிய இடத்தை நாலு முறை வீசினார். மூன்று காசு, ஒரு சாவி, ஒரு கொலுசு மணி வந்தது. தட்டைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு, எக்ஸ்ரே படம் பார்த்துச் சொல்லும் டாக்டர் மாதிரி சொன்னார். "தங்கம் இந்த எடத்துல இல்லம்மா. இருந்தா கத்தியிருக்கும்."

"நல்லா பாருங்க பாய். இங்கதான் ஒக்காந்தேன்."

"நாலு வாட்டி பாத்துட்டம்மா."

"பாய் இல்லன்னா இல்லதாம்மா" என்றேன் நான். என்னை யாரும் கேட்கவில்லை.

அவள் மாமியார் பக்கம் திரும்பினாள். "கோயில்ல கற்பூரம் கொளுத்தி அணைச்சு சத்தியம் பண்றேன் அத்த. அதையாவது நம்புங்க."

எங்கள் ஊர்ப் பக்கம் கற்பூரம் அணைத்துச் செய்கிற சத்தியத்துக்கு மேல் பேச்சில்லை. எரிகிற கற்பூரத்தைக் கையால் அணைத்துவிட்டுப் பொய் சொல்ல எவனுக்கும் தைரியம் வராது. ஆனால் மங்களாம்பிகை சொன்னார்: "மெசினே சொல்லிடுச்சு. சாமிய எதுக்கு நடுவுல இழுக்கற?"

உமேஷ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். தாட்சாயிணி பாயைப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூட மறந்திருப்போம்.

பத்து நாள் கழித்து பாயின் வீட்டில் ஒன்று நடந்தது. மறுநாளே போன் செய்து அவரே என்னிடம் சொன்னார். அவர் மனைவி அஸ்மத் வீட்டுவேலையை முடித்துவிட்டு, "எல்லாத்தையும் கண்டுபுடிக்குதே, என் கருகமணிய கண்டுபுடிக்குமா?" என்று விளையாட்டாகக் கேட்டிருக்கிறார். கருகமணியில் கோத்திருந்த சின்னத் தங்கப் பொட்டின் மேல் பாய் தட்டைக் கொண்டுபோனார். சத்தமே இல்லை. இன்னொரு முறை. இல்லை. குமிழைத் திருகி முழுக்கத் திறந்தார். தாழ்வாக, வெட்டின மாதிரி ஒரு சத்தம். அச்சு அசல் வெள்ளித்தாள் சத்தம்.

"அப்ப அந்தப் பொண்ணுகிட்ட என்னா சொன்னீங்க?" என்றார் அஸ்மத்.

பாய் அன்று சாப்பிடவில்லை. அடுத்த நாளே ஓடி வந்திருப்பார் என்று நினைப்பீர்கள். வரவில்லை. அஞ்சு நாள் கடையில் உட்கார்ந்து மிக்ஸி ரிப்பேர் செய்தார். போய்த் தேடினால் கிடைத்துவிடுமோ என்று பயம். கிடைத்தால் தன் வாயால் சொல்லவேண்டுமே. இதையும் அவரேதான் சொன்னார். நான் அவரைக் குறை சொல்லவில்லை. எனக்கும் அவர் வராமலிருந்தால் தேவலை என்றுதான் இருந்தது.

ஆறாவது நாள் வந்தார். குமிழை முழுக்கத் திறந்துவிட்டு, கத்தின இடத்தையெல்லாம் தோண்டினார். நாலு காலை. ஒரு கோணிப்பை நிறைய வெள்ளித்தாள் சேர்ந்தது. நானும் மண்வெட்டியோடு இறங்கினேன். நாலாவது நாள், வேருக்குப் பக்கத்தில், இன்னொரு தாள் என்று அலுத்துப்போய்க் கிளறிய இடத்தில் பொட்டுத் தாலி வந்தது. கூடவே ஒரு குண்டு. எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

பாய் கீழ்பென்னாத்தூர் போனார். மங்களாம்பிகையிடம், "மெசின்ல சின்ன கோளாறும்மா, அதான் அன்னைக்குத் தெரியல" என்றாராம். மருமகள் கையில்தான் கொடுப்பேன் என்றதும், அவள் அம்மா வீட்டில், வேங்கிக்காலில் இருக்கிறாள் என்று பதில் வந்தது. மரத்தடியில் தேடின மறுநாளே அவளை அனுப்பிவிட்டார்கள்.

வேங்கிக்காலில் தாட்சாயிணி அவர் சொன்னதையெல்லாம் வாசலிலேயே நின்று கேட்டாள். குமிழ், வெள்ளித்தாள், அஸ்மத்தின் கருகமணி, எல்லாவற்றையும் பாய் மறைக்காமல் சொன்னார். நீட்டிய கையை அவள் தொடவில்லை.

"இதே மாதிரி எங்க அத்தகிட்ட சொன்னீங்களா?"

"மெசின் கோளாறுன்னு சொன்னேம்மா."

"மெசின் கோளாறா, உங்க கோளாறா?"

பாய் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

"நீங்களே வெச்சிருங்க. அன்னைக்கு எந்த எடத்துல இல்லன்னு சொன்னீங்களோ, அந்த எடத்துல அவங்க எதிர்ல குடுங்க. அப்ப வாங்கிக்கறேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோரும் மரத்தடிக்கு வந்தார்கள். டீ குடிக்க வந்த பத்துப் பேரும் சுற்றி நின்றார்கள். பாய் பொட்டை மண்மேல் வைத்தார். குமிழைக் குறியில் திருகித் தட்டை வீசினார். மெசின் ஊமையாக இருந்தது. குமிழைத் திறந்து வீசினார். கத்தியது. வியர்வை அவர் தாடியில் சொட்டியது.

"மெசின்ல ஒரு கோளாறும் இல்லம்மா" என்றார் மங்களாம்பிகையிடம். "குப்பைய தோண்டறதுக்கு அலுத்துக்கிட்டு அந்தச் சத்தத்த நான்தான் மூடி வெச்சிருந்தேன். தங்கமும் அதே சத்தம்தான் போடும்னு எனக்குத் தெரியாது. தெரியலன்னு சொல்லியிருக்கணும். இல்லன்னு சொல்லிட்டேன். உங்க மருமக சொன்னதுதான் நெசம்."

நானும் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்குக் கேட்காமலே பேசின வாய், இன்றைக்கு ஒட்டிக்கொண்டது.

தாட்சாயிணி குனிந்து பொட்டையும் குண்டையும் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். பிறகு மாமியாரைப் பார்த்து அமைதியாகக் கேட்டாள்.

"இப்ப கற்பூரம் கொளுத்தட்டுங்களா அத்த?"

மங்களாம்பிகை வேண்டாம் என்று தலையை மட்டும் அசைத்தார். பிறகு, "வூட்டுக்கு வாம்மா" என்றார். உமேஷ் வண்டியைத் திருப்பி நிறுத்தினான்.

"வர்றப்ப சொல்லி அனுப்பறேன்" என்றாள் அவள். அந்தப் பக்கமாக வந்த ஷேர் ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தி, வேங்கிக்கால் என்று சொல்லி ஏறிக்கொண்டாள்.

பாயை டீக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. குனிந்து, தோண்டிப் போட்டிருந்த பள்ளங்களைக் காலால் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தார்.