மணவாளன் வாயும் இன்னாசி கையும்

ஊர் ஊராகப் போய்ப் பட்டு விற்க ஆரணியில் மணவாளனை விட்டால் ஆள் இல்லை என்று ஒரு காலத்தில் சொல்வார்கள். புடவையை மடியில் போட்டுக்கொண்டு அவர் பேச ஆரம்பித்தால், கதவைச் சாத்த வந்த வீட்டுக்காரியே பாயை எடுத்து விரிப்பாள். அப்படிப்பட்ட மனுஷனின் மனைவி ராஜம்மாள் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தாள். பிள்ளை குட்டி கிடையாது. அழுது ஓய்ந்து, மறுபடி மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியபோதுதான் தெரிந்தது, அவள் தன்னோடு அவர் பிழைப்பையும் கொண்டுபோய்விட்டாள் என்று.

கல்யாண வீட்டில் முகூர்த்தப் புடவையை யார் கையிலிருந்து வாங்குவது என்பதற்கு அந்தப் பக்கத்தில் ஒரு முறை உண்டு. பெண்டாட்டி பிள்ளையோடு குறைவில்லாமல் வாழ்கிறவன் எடுத்துத் தரவேண்டும். கட்டியவளைப் பறிகொடுத்தவன் கை பட்ட புடவை, கட்டப்போகிறவளுக்கு ஆகாது. இதை யாரும் முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள். அப்புறம் வாங்க என்பார்கள், அவ்வளவுதான்.

அதனால்தான் இன்னாசிமுத்துவைக் கூடச் சேர்த்துக்கொண்டார். ஆரணிக்கு வெளியே வேதக்காரர் தெருவில் இருந்தவன். அவன் மனைவி அமலோற்பவத்துக்கு அப்போது வயிற்றில் பிள்ளை. பிள்ளைத்தாய்ச்சியின் புருஷன் கை என்றால் கல்யாண வீடுகளில் இன்னும் மரியாதை. பேசுவது மணவாளன் வாய், எடுத்துக் கொடுப்பது இன்னாசி கை என்று ஏற்பாடு.

ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இன்னாசி சிலுவை போட்டுக்கொள்வான். மணவாளன் விடமாட்டார். வாங்குகிறவன் கும்பிடுகிற சாமிதான் நமக்குச் சாமி என்பது அவர் கட்சி.

"உங்க சாமி என்னிக்காவது ஒரு பொடவ வாங்கியிருக்காராடா?"

"அவரு கட்டியிருந்த துணியவே சீட்டுப் போட்டு எடுத்துகினு போய்ட்டாங்க. அவரு எங்கண்ணா வாங்குறது?"

மணவாளன் பஸ் முழுக்கக் கேட்கும்படி சிரிப்பார். ராஜம்மாள் போனபிறகு அவர் சிரித்தது இவனிடம்தான்.

எழுபத்தெட்டாம் வருஷம் தை மாதம் சிரிப்பு நின்றது. வியாபாரம் படுத்துவிட்டிருந்தது. முதலாளி சம்பந்தம் கூப்பிட்டு வைத்துச் சொல்லிவிட்டார். தேவிகாபுரத்தில் கிருஷ்ணம்மாள் வீட்டில் மகளுக்கும் மகனுக்கும் ஒரே பந்தலில் கல்யாணம். உறவு முழுக்கப் பட்டு எடுக்கிறார்கள். அந்த வீடும் கை நழுவினால் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம். ஐம்பது வயதில் வேறு வேலைக்கு எங்கே போவது? மீசை முளைத்த நாளிலிருந்து அவருக்குத் தெரிந்தது இந்த மூட்டை ஒன்றுதான்.

தேவிகாபுரம் போகிற அன்று இன்னாசி பஸ் ஸ்டாண்டில் முகம் வீங்கி நின்றான். பஸ் ஊரைத் தாண்டியதும் மணவாளன் பேச்சுக் கொடுத்தார். குழந்தை பிறந்துவிட்டதா என்று கேட்டார்.

"பொறந்துச்சுண்ணா. பொண்ணு." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "போயிடுச்சு."

மெல்ல மெல்லத்தான் விஷயம் வந்தது. மாதம் நிறையாத பிள்ளை. மதியம் பிறந்து, பொழுது சாயும்போது மூச்சு நின்றுவிட்டது. மணவாளனும் இன்னாசியும் வியாபாரத்துக்காகத் தேசூரில் இருந்த நாள் அது. அன்று காலையே திரும்பியிருக்க வேண்டியது. இன்னும் ஒரு வீடு பார்க்கலாம் என்று நிறுத்திவைத்தவர் மணவாளன். மறுநாள் இன்னாசி வீட்டுக்குப் போவதற்குள் புதைத்துவிட்டு வந்திருந்தார்கள்.

"நான் மொகம் கூட பாக்கலண்ணா. அதுகூட போவுது. தண்ணி ஊத்தல."

மணவாளனுக்குப் புரியவில்லை.

"சாவப்போற கொழந்தைக்கு யாரு வேணா தலயில தண்ணி ஊத்தி ஞானஸ்நானம் குடுக்கலாம், பேரு வெக்கலாம். மருத்துவச்சிக்கு அது தெரியாது. அமலோற்பவம் மயக்கத்துல கெடந்தா. நான் இருந்திருந்தா ஊத்தியிருப்பேன். பேரே இல்லாம போய்ட்டாண்ணா. மேல அவள யாரு, இன்னான்னு கூப்புடுவாங்க?"

ஏன்டா வேலைக்கு வந்தாய் என்று கேட்டதற்கு, வீட்டில் உட்கார முடியவில்லை என்றான். அமலோற்பவம் சுவரைப் பார்த்துப் படுத்தவள், அன்றிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லையாம்.

அந்த நேரத்தில் ஒரு மனுஷனுக்கு என்ன தோன்றவேண்டும்? மணவாளனுக்குத் தோன்றியது கிருஷ்ணம்மாள் வீடு. பிள்ளை செத்த தீட்டோடு வந்தவன் கை என்று தெரிந்தால் அந்த அம்மாள் மூட்டையை வாசலிலேயே நிறுத்திவிடுவாள். தன் புத்தி அவருக்கே அசிங்கமாய்ப் பட்டது. ஆனாலும் வாய் பேசிவிட்டது.

"அங்க இத்த சொல்லிடாதடா. உன் கால புடிச்சிக்கிறேன்."

"என்னால பொய் சொல்ல முடியாதுண்ணா."

"நீ ஒண்ணும் சொல்லாத. கைய மட்டும் குடு. பேசுறத நான் பேசிக்கிறேன்."

கிருஷ்ணம்மாள் அவசரப்படாதவள். கூடம் நிறையப் பெண்கள் உட்கார்ந்திருக்க, புடவைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கடைசியில் அரக்கு நிறத்தில் ஒன்றை ஒதுக்கி வைத்தாள். மகளுக்கு அதுதான் முகூர்த்தத்துக்கு. பிறகு இன்னாசியை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீதானப்பா எடுத்துக் குடுக்கப் போற? கொழந்த குட்டி இருக்குதா?"

இன்னாசி வாயெடுத்தான். மணவாளன் முந்திக்கொண்டார்.

"இப்பதாம்மா பொறந்திருக்குது. மகாலட்சுமி கணக்கா பொம்பள புள்ள."

"அப்படியா! பேரு வெச்சாச்சா?"

கேட்கக்கூடாத கேள்வி அது. ஆனால் வாழ்நாளெல்லாம் விற்ற வாய் தயங்கவில்லை. தம் தெருவில் குடியிருந்த டீச்சரம்மாள் பெயர் நாக்கில் வந்து நின்றது.

"ரோசம்மா."

அதற்குமேல் கூடத்துப் பெண்கள் விடவில்லை. யார் ஜாடை என்றார்கள். தாயைப் போல நெற்றி, தகப்பனைப் போலக் காது என்றார். தலை நிறைய முடி என்றார். அப்பன் குரல் கேட்டால் அழுகையை நிறுத்திவிடுகிறாள் என்றார். தூக்கத்தில் சிரிக்கிறாள் என்று அவர் சொன்னபோது, கிருஷ்ணம்மாள் முகமெல்லாம் மலர உள்ளே போய் ஒரு ஜோடிக் கருவளையலோடு வந்தாள். பிள்ளைக்குப் போடு என்று இன்னாசி கையில் வைத்தாள். அந்தக் கையாலேயே அவன் அரக்குப் புடவையை எடுத்து நீட்டினான். வளையலை மட்டும் விடவில்லை. பிள்ளை மேல் எவ்வளவு ஆசை பார் என்று யாரோ ஒருத்தி சொன்னாள்.

மூட்டை காலியாயிற்று. மணவாளன் பிழைத்தார்.

திரும்பும் பஸ்ஸில் அவன் அடிப்பான் என்று எதிர்பார்த்தார். காறித் துப்பினாலும் துடைத்துக்கொள்ளத் தயாராக இருந்தார். இன்னாசி வளையலை உள்ளங்கையில் மூடுவதும் திறந்து பார்ப்பதுமாக வந்தான்.

"நீங்க பேசிகினு இருந்த வரைக்கும் அவ உயிரோட இருந்தாண்ணா."

மணவாளன் தலையைக் குனிந்துகொண்டார்.

"வூட்டுக்கு வாங்கண்ணா. அமலோற்பவத்துகிட்டயும் சொல்லுங்க. அங்க சொன்னீங்களே, அத அப்படியே சொல்லுங்க."

வியாபாரத்துக்குச் சொன்ன பொய் அது என்று மணவாளன் கெஞ்சினார். பாவம்டா என்றார். இன்னாசி கேட்கவில்லை. பொய்யோ நிஜமோ, அவளுக்குப் பேர் என்று ஒன்று வைத்தது இந்த உலகத்தில் நீங்கள் ஒருவர்தான் என்றான். ஆரணியில் இறங்கியதும் மாட்டைப்போல அவன் பின்னால் நடந்தார்.

ஓலை வீடு. விளக்கு ஏற்றவில்லை. அமலோற்பவம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். மணவாளன் தரையில் உட்கார்ந்தார். எத்தனை வீட்டுத் தரைகளில் உட்கார்ந்து பேசிய மனுஷன்! இங்கே எதிலிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"சொல்லுங்கண்ணா" என்றான் இன்னாசி.

"கொழந்தைக்கு…" அவர் குரல் அவருக்கே யாருடையதோ போலிருந்தது. "தல நெறைய முடி…"

"முடி இல்ல."

சுவர்ப் பக்கமிருந்துதான் வந்தது. பிள்ளை போனதிலிருந்து அமலோற்பவம் பேசிய முதல் வார்த்தை.

"முடியே இல்லண்ணா. எனக்கு மயக்கம் வர்றதுக்கு முன்ன பாத்தேன். தோலும் எலும்புமா இருந்துச்சு. வெரலு மட்டும் நீட்டு. என் வெரல புடிச்சிகினு வுடவேயில்ல. மருத்துவச்சிதான் பிரிச்சி எடுத்தா."

இன்னாசி முழங்காலாலேயே நகர்ந்து அவளிடம் போனான்.

"எந்த வெரலு?"

அவள் திரும்பாமலே சுண்டுவிரலை மட்டும் நிமிர்த்திக் கையைப் பின்னால் நீட்டினாள். அவன் அந்தச் சுண்டுவிரலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் எழுந்த அழுகையை மணவாளன் இருந்து கேட்கவில்லை. அதைக் கேட்கிற யோக்கியதை தனக்கில்லை என்று எழுந்து வெளியே வந்துவிட்டார். முதலாளி சம்பந்தம் வீட்டில் எல்லாம் விற்ற சேதிக்காகக் காத்திருப்பார்கள். தெருமுனை வரை நடந்தார். அந்தச் சேதியைச் சொல்லப் போக மனம் வராமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.