திரும்பி வந்த சளி டப்பா

அறுபதுகளின் நடுவில், ராசிபுரத்தில் நாங்கள் தறி ஓட்டிக்கொண்டிருந்த காலம். என் கணவருக்கு இருமல் வந்தால் நிற்காது. சாயங்காலமானால் காய்ச்சலும் வந்துவிடும். டி.பி.யாக மட்டும் இருந்துவிடக் கூடாது என்று கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வேண்டாத தெய்வமில்லை.

பரிசோதனை என்றால் எனக்குத் தெரிந்தது கொட்டகையில் பார்த்த சினிமாதான். டாக்டர் மைக்ராஸ்கோப்பில் ஒரு தடவை எட்டிப் பார்ப்பார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார், கதாநாயகன் கதை முடிந்துவிடும்.

சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரியில், காலையில் சளி எடுத்து வரச் சொல்லி மூடி போட்ட டப்பா ஒன்றைக் கொடுத்தார்கள். மறுநாள் விடிந்ததும் இவர் என்ன செய்தார் தெரியுமா? வேப்பங்குச்சியால் பல் விளக்கி, நன்றாகக் கொப்பளித்து, தொண்டையில் இருந்ததையெல்லாம் வாசலில் காறித் துப்பிவிட்டு, அதன் பிறகுதான் டப்பாவில் துப்பினார்.

"படிச்சவங்க கையில வாங்கற சாமான் புள்ள. அசிங்கமா குடுத்தா நல்லாவா இருக்கும்?" என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

பரிசோதனை அறையில் இருந்தவர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "வெறும் எச்சிலுங்க. வாய் கழுவுனீங்களா?" என்று கேட்டார்.

"நல்லாக் கழுவிட்டுத்தானுங்க குடுத்தேன்" என்றார் இவர், பெருமையாக.

அவர் சிரிக்கவில்லை. வேறு டப்பாவை எடுத்து நீட்டினார். எழுந்ததும் பல் விளக்காமல் நெஞ்சிலிருந்து இருமி எடுத்து வரச் சொன்னார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"இதுல ஒண்ணுமில்லைன்னா அப்படியே எழுதிக் குடுத்துருங்க சாமி, ஊட்டுக்குப் போயர்றோம்" என்று கெஞ்சினேன்.

"எழுதிக் குடுத்தா சந்தோசமாப் போயிருவீங்கம்மா. அப்புறம் இந்தக் குழந்தை யாரு பக்கத்துல படுக்குமுங்க?"

புது டப்பாவை நானே வாங்கிக்கொண்டேன். பஸ்ஸில் ஊர் வந்து சேரும்வரை இவரைத்தான் திட்டிக்கொண்டு வந்தேன்.

அடுத்த சளியில் கிருமி இருந்தது. யாரும் கண்ணாடியைக் கழற்றவில்லை. ஒரு துண்டுச் சீட்டு வந்தது, அவ்வளவுதான். குழந்தையும் நானும் தனியாகப் படுத்தோம். மாதக்கணக்கில் ஊசி, மாத்திரை. இவர் தேறி மறுபடி தறியில் உட்கார்ந்தார்.

இப்போது டிவி தொடரில் ரத்தம் எடுத்த கையோடு ரிசல்ட் வந்துவிடுகிறது. பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்து மூக்கைச் சிந்துகிற என் மகள்தான் அன்றைய கைக்குழந்தை. பரிசோதனை அறையில் இருந்த அந்த மனிதர் அன்று என் கண்ணீருக்கு இரங்கி ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தால் இவள் இப்படி என் பக்கத்தில் இருந்திருப்பாளா?