பூவுக்குக் கீழே ஓடியவர்கள்

நமுனுகுலவில் தோட்டப் பள்ளி ஆசிரியராக இருக்கும் என்னை, சர்க்கரை கூடியதால் டாக்டர் நடக்கச் சொன்னார். பங்குனியில் தேயிலைக்கு நடுவே முள்முருங்கை சிவக்கப் பூத்திருந்தது. தினமும் காலையில் பாதையோரம் நின்று அதைப் போனில் படம் எடுப்பேன். அன்று முழுக்க மனசு லேசாக இருக்கும்.

ஒருநாள் கொழுந்துக் கூடையோடு ஒரு பெண் மூச்சிரைக்க என் முன்னால் வந்து நின்றாள்.

"பிள்ளைக்குக் காய்ச்சலுங்க, அதான் பிந்திருச்சு. தோட்டத்துத் தொரைகிட்ட சொல்லிறாதீங்க. வேலை இல்லன்னு திருப்பி அனுப்பிருவாங்க."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "நான் எதுக்கு சொல்லணும்?" என்றேன்.

"காலையில பேர் கூப்பிடுற பெரட்டுக்கு யார் பிந்தி வர்றாங்கன்னு தினமும் போன்ல புடிக்கிறீங்களே!"

பூவைத்தான் எடுத்தேன் என்று படத்தைக் காட்டினேன். உற்றுப் பார்த்தாள்.

"கீழ ஓடுறது நான்தானேங்க" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

இப்போது போனில்லாமல்தான் நடக்கிறேன். கூடையோடு வரும் பெண்கள் இன்னும் ஓடுகிறார்கள். என்னைக் கண்டுதானா, இல்லை எப்போதுமே அப்படித்தானா என்பது எனக்கு இன்னும் புரியவில்லை.