வண்ணாத்தி என்று நாங்கள் அழைத்தவை

உவர்மண்ணில் ஊறிய துணி வெள்ளாவியில் வேகும்போது எழும் காரமான வாசனைதான் எங்கள் ஊர் ஓடைக்கு. கல்வராயன் மலையிலிருந்து இறங்கிவரும் அந்த ஓடையில், துணி அலசும் துறையில் கஞ்சி தின்ன வரும் வரிபோட்ட சின்ன மீனுக்கும், உவர் ஊறிய ஈரமணலை உறிஞ்சக் கூட்டமாய் உட்காரும் பட்டாம்பூச்சிக்கும் நாங்கள் வைத்திருந்த பெயர் ஒன்றே: "வண்ணாத்தி".

திருக்கோவிலூரிலிருந்து வந்த வாத்தியாருக்கு இது புதிது. ஏன் அப்படி என்று ஐந்தாம் வகுப்பில் கேட்டார். ஊருக்குத் துணி வெளுத்த குடும்பத்துப் பெண் அஞ்சலைதான் எழுந்து, "ரெண்டும் எங்க தொறையிலதான் சார் கெடக்கும். எங்கம்மா கஞ்சித்தண்ணி ஊத்துனா மீனு வரும், மண்ணு கொட்டுனா பூச்சி வரும். அதான் எங்க பேரு" என்றாள். சொல்லும்போது முகத்தில் அவ்வளவு பெருமை.

அன்றிலிருந்து பையன்களுக்கு அதுவே விளையாட்டாகிவிட்டது. பூச்சி பறந்தால், "இன்னா அஞ்சல, உங்க சித்தி வந்துகினு கீறா, சோறு போடல?" என்பார்கள். அவளும் சளைக்காமல், "உங்கூட்டு அழுக்க எடுக்க வந்துகீறா, போயி போடுறா" என்பாள். நானும் சிரித்திருக்கிறேன்.

ஒரு நாள் மதியம் அவள் கை கழுவப் போன நேரம், அவளுடைய சத்துணவுத் தட்டில் ஒருவன் நாலைந்து மீனை உயிரோடு கொட்டினான். சாம்பாரில் அவை துடித்தன. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நான் மட்டும். வாத்தியார் வந்து யார் செய்தது என்று கேட்டார். அஞ்சலை என் பக்கம் திரும்பி, "கோவிந்தா, நீ பாத்த இல்ல? சொல்லுடா" என்றாள். கொட்டியவன், எங்களுக்குக் குத்தகைக்கு நிலம் விட்டவரின் மகன். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. அன்றைக்கு அதையே சாக்காக வைத்துக்கொண்டேன். தரையைப் பார்த்தபடி, "பாக்கல சார்" என்றேன்.

மறுநாள் முதல் அவள் பள்ளிக்கூடம் வரவில்லை. அந்த வாரமே துணி எடுக்க அவள் அம்மாவோடு எங்கள் வீட்டுப் பின்வாசலுக்கு வந்தாள். நான் மூட்டையை நீட்டினேன். "கீழ வெச்சுடுங்க சின்னய்யா" என்றாள். அதுவரை என்னை "டேய்" என்று கூப்பிட்டவள்.

நானும் ஐந்தாவதோடு நின்றேன், எனக்குப் படிப்பு ஏறவில்லை. அவளுக்கு ஏறியது.

இப்போது அந்தத் துறை இல்லை. ஓடையில் தண்ணீர் வரும் மாதங்களிலும் அந்த மீனைக் காணோம். என் மகளுக்கு அந்தப் பழைய பெயரை நான் சொல்லித்தரவில்லை. அஞ்சலை கள்ளக்குறிச்சியில் இஸ்திரி வண்டி வைத்திருப்பதாகச் சொல்கிறார்கள். உரம் வாங்கப் போக அவள் வண்டி நிற்கும் தெருதான் கிட்டம். பார்த்தால் கூப்பிடுவாள், என்னவென்று கூப்பிடுவாள் என்று நினைத்தாலே கால் பின்வாங்குகிறது. அடுத்த தெருவில் சுற்றிக்கொண்டு போய்வருகிறேன்.